சுரங்கத் தொழிலாளரின் தோழர் ஜே. எஸ். ஹால்டேன்

சனத்நகர் ஸ்டேஷனை அடுத்து வாழும் நம்மில் எவரும் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டியைக் காணாதிருக்க முடியாது. நள்ளிரவில் அவ்வண்டிகள் மௌலாலி திசை நோக்கிச் செல்லும் ஓசை கேட்டே நம் குழந்தைகள் உறங்கப் பழகியுள்ளன. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கோ அவை ஓசை மட்டுமல்ல, எண்களும் ஆகும். வேகன் எத்தனை, எடை எத்தனை டன், கட்டணம் எவ்வளவு என்று பதிவு செய்து செய்தே இருபது ஆண்டுகள் கழிந்தன. அக்கணக்கில் ஒரு பத்தி மட்டும் என்றும் இருந்ததில்லை. அந்தக் கரியை வெட்டி எடுத்தவன் எத்தகைய காற்றைச் சுவாசித்தான் என்பதே அப்பத்தி.

அக்கணக்கைத் தம் வாழ்நாள் முழுதும் பொறுமையோடு எழுதிய பேரறிஞர் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டில் தோன்றினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பது அவர் பெயர். நம் மலரில் புலவர்களின் வரலாறும் தேசத் தலைவர்களின் வரலாறும் இடம்பெறுவதே மரபு. இவ்வாண்டு அன்னிய நாட்டு விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. பிழைப்புத் தேடி ஊர் விட்ட தமிழர் சென்று சேர்ந்த இடங்களுள் பூமிக்கு அடியில் உள்ளவையும் சில. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சென்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை உடைத்தவர்கள் நம்மவர்கள். நாம் வந்து குடியேறிய இத்தெலுங்கானாவிலோ, எல்லந்துப் பகுதியில் 1871-ஆம் ஆண்டு வில்லியம் கிங் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் நிலக்கரியைக் கண்டறிந்தார். 1889 முதல் அங்கே சுரங்க வேலை தொடங்கியது. நிஜாம் காலத்து ரயில் எஞ்சின்கள் அந்தச் சிங்கரேணிக் கரியினால் ஓடின. ஆகவே சுரங்கத்து மனிதனின் சுவாசத்தைக் காத்தவரின் வரலாறு நமக்கும் உறவுடையதே.

நாம் மெட்ரிகுலேஷன் வரையே படித்தோம். விஞ்ஞான நூல்களைத் தட்டுத்தடுமாறிப் படித்து அறிந்ததையே ஈண்டு எழுதுகிறோம். கற்றறிந்தோர் குறை காணின் பொறுத்தருள்க.

பிறப்பும் கல்வியும்

ஹால்டேன் 1860-ஆம் ஆண்டு மே மாதத்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் ராபர்ட் ஹால்டேன் வழக்கறிஞர். குடும்பம் செல்வமும் செல்வாக்கும் உடையது. தமையனார் ரிச்சர்டு ஹால்டேன் பிற்காலத்தில் பிரிட்டனின் யுத்த மந்திரியாகவும், நீதித் துறையின் தலைமைப் பதவியாகிய லார்டு சான்சலராகவும் விளங்கினார். தாய்மாமன் பர்டன் சாண்டர்சன் ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையில் உடலியல் பேராசிரியர். இத்தகைய குடியில் பிறந்தவர் விரும்பியிருந்தால் மாளிகையில் அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ சாக்கடையிலும் சுரங்கத்திலும் தவழ்ந்து திரியும் வாழ்வைத் தேர்ந்துகொண்டார்.

1884-ஆம் ஆண்டில் எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் ஜேனா நகரிலும் சிறிது காலம் பயின்றார். நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுப்பதைவிட, நோய் உண்டாகும் இடத்திற்கே சென்று அதன் வேரைக் காண்பதில் அவர் மனம் நாடியது. மனிதன் உண்ணாமல் சில நாட்கள் வாழ்வான். பருகாமலும் ஓரிரு நாட்கள் தாங்குவான். சுவாசியாமல் சில நிமிஷங்கள் கூட உயிர் தரியான். எனவே காற்றை அறிவதே தம் கடன் என்று அவர் கொண்டார்.

ஏழையர் வீட்டுக் காற்று

முதலில் டண்டீ என்னும் ஆலை நகரத்தில் அவர் பணி தொடங்கியது. அங்கே சணல் ஆலைத் தொழிலாளர் ஒரே அறையில் பலராகப் படுத்துறங்கினர். ஹால்டேனும் அவர் கூட்டாளிகளும் நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் உறங்கும் வேளையில், முன்னறிவிப்பின்றி அவ்வீடுகளின் கதவைத் தட்டி, குப்பிகளில் காற்றைப் பிடித்து வந்து ஆராய்ந்தனர். பகலில் சென்றால் ஜன்னல் திறந்திருக்கும், பலர் வெளியே போயிருப்பர், உண்மை வெளிப்படாது என்பதே அதற்குக் காரணம். பள்ளிக்கூடங்களின் காற்றையும் அவ்வாறே சோதித்தனர். அவ்வாராய்ச்சி 1887-இல் வெளிவந்தது. நோய் கண்ட இடத்துக்கு நோய் கண்ட வேளையில் செல்ல வேண்டும் என்ற முறையை அவர் அங்கேதான் கற்றார். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று ஆசிரியப் பணி ஏற்றார். 1891-இல் லூயிசா காத்லீன் டிராட்டர் என்ற மாதரசியை மணந்தார். மகன் ஒருவரும் மகள் ஒருவருமாக இரு மக்கள். இருவரும் பின்னாளில் உலகப் புகழ் எய்தினர்.

டைலர்ஸ்டவுன் விபத்து

அக்காலத்து நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி விபத்து அடிக்கடி நிகழும். கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றோடு கலந்து தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதிர்ச்சியில் எழும் கரித்தூசியும் உடன் பற்றிச் சுரங்கம் முழுதும் தீ ஓடும். 1815-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற அறிஞர் கம்பி வலை சூழ்ந்த காப்பு விளக்கைச் செய்து தந்தார். அதனால் தீப்பற்றுவது குறைந்ததே ஒழிய முற்றும் நின்றபாடில்லை. வெடித்த பின் இறந்தவர்கள் எல்லாம் வெடியின் வேகத்தாலும் தீயாலும் இறந்தனர் என்றே பலரும் எண்ணினர்.

1896-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் தெற்கு வேல்ஸ் நாட்டில் டைலர்ஸ்டவுன் என்ற ஊரின் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். சர்க்கார் ஹால்டேனை அனுப்பி வைத்தது. அவர் சுரங்கத்தில் இறங்கினார். உடல்கள் கிடந்த இடம், கிடந்த நிலை, தோலின் நிறம், இரத்தத்தின் நிறம் ஆகிய அனைத்தையும் குறித்தார். தீக்காயமோ எலும்பு முறிவோ இல்லாத உடல்கள் பல இருந்தன. அவற்றின் இரத்தம் செர்ரிப் பழம்போல் சிவந்திருந்தது. பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று. வெடிக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயுவே என்று அவர் துணிந்தார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையை உறுத்தும் காரமுமில்லை. இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அதைப் பற்றிக்கொள்கிறது. நுரையீரல் இயங்கினும் உடலுக்குப் பிராணவாயு கிட்டாது போகிறது. தப்பி ஓடுகிறவன் கால் தளர்ந்து அமர்கிறான், அமர்ந்தவன் எழுவதில்லை.

இக்கண்டுபிடிப்பின் பயன் யாதெனில், வெடியால் இறந்தவனை எவரும் மீட்க இயலாது. விஷ வாயுவால் இறப்பவனையோ மீட்க இயலும். எந்த வழியில் ஓட வேண்டும், நல்ல காற்றை எப்படித் திருப்பிவிட வேண்டும், மீட்கச் செல்வோர் எக்கருவி அணிய வேண்டும் என்று ஆராய வழி பிறந்தது. விதி என்று விடப்பட்டிருந்த மரணம், தடுக்கத்தக்க மரணமாயிற்று. அவருடைய அறிக்கை அவ்வாண்டே பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது.

தம் உடலே சோதனைக்கூடம்

இதனை வேறு எவரும் நிறுவியிருக்கலாம் என்று எண்ண வேண்டா. டைலர்ஸ்டவுன் செல்வதற்கு முன்பே, 1895-இல், ஹால்டேன் அந்த விஷ வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்திருந்தார். எத்தனை நிமிஷத்தில் தலை வலிக்கிறது, எப்போது பார்வை மங்குகிறது, எப்போது கால் தள்ளாடுகிறது என்று குறிப்பெழுதிக்கொண்டே சுவாசித்தார். விரலைக் குத்தி எடுத்த இரத்தத்தில் விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இடையிடையே அளந்தார். ஒருமுறை இரத்தத்தின் பாதிக்கு மேல் அவ்வாயு நிறையும் வரை அவர் நிறுத்தவில்லை. அதற்கு மேல் சென்றிருந்தால் இந்த வரலாற்றை நாம் எழுத நேர்ந்திராது.

சுரங்கத் தொழிலாளர் அஞ்சிய மற்றொரு காற்றும் உண்டு. அதில் விளக்கு அணைந்துவிடும்; மனிதன் மூச்சுத் திணறி விழுவான். அது வெறும் கரியமில வாயுவே என்பது பழைய நம்பிக்கை. ஹால்டேன் அதைப் பிடித்து வந்து பகுத்துப் பார்த்து, அதில் மிகுதியாக உள்ளது நைட்ரஜன் என்றும், கரியமில வாயு சிறு பங்கே என்றும், நிலக்கரி முதலியன காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல உண்டுவிடுவதால் எஞ்சிய காற்றே அது என்றும் விளக்கினார். காற்றைப் பகுத்தளக்க அவர் அமைத்த கண்ணாடிக் கருவி அவர் பெயராலேயே நெடுங்காலம் ஆய்வுக்கூடங்களில் வழங்கி வந்தது.

எலியும் கானேரியும்

கண்ணுக்குப் புலப்படாத எதிரியை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? இரசாயனப் பரிசோதனை செய்துகொண்டிருக்கச் சுரங்கத்தில் நேரமில்லை. ஹால்டேன் ஒரு சுண்டெலியைக் கூண்டில் அடைத்துத் தம்முடன் வைத்துக்கொண்டு அவ்வாயுவைச் சுவாசித்தார். எலி விரைவில் சாய்ந்தது. அவருக்கோ அப்போது யாதொரு குறியும் தோன்றவில்லை. சிறிய பிராணிகள் தம் உடல் எடைக்கு மிகுதியான காற்றை விரைந்து சுவாசிக்கின்றன. ஆதலால் அவற்றின் இரத்தத்தில் விஷம் பன்மடங்கு விரைவில் ஏறுகிறது. எலி விழுந்த பின் மனிதன் திரும்பிச் செல்லக் கால அவகாசம் உண்டு.

எலியைவிடக் கானேரி என்னும் மஞ்சள் நிறச் சிறு பறவை ஏற்றதாகக் காணப்பட்டது. கோலில் அமர்ந்திருக்கும் பறவை தள்ளாடுவதும் விழுவதும் மங்கிய விளக்கொளியிலும் தெளிவாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் சுரங்கங்களில் மீட்புப் படையினர் கானேரிக் கூண்டோடு இறங்கினர். பின்னர், சிறு பிராணவாயுக் குப்பி பொருத்திய கூண்டும் வழக்கில் வந்தது. பறவை மயங்கியதும் கூண்டின் கதவை மூடிக் குப்பியைத் திறந்தால் அது மீண்டும் பிழைத்தெழும். தம்மைக் காத்த சிறு பறவையைத் தொழிலாளரும் காக்க விரும்பினர் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1986-ஆம் ஆண்டில்தான் அப்பறவைகளுக்குப் பதிலாக மின் கருவிகள் முற்றிலும் வந்தன.

மகனுக்கு அளித்த பாடம்

ஹால்டேன் தம் மகன் ஜாக்கைச் சிறு வயதிலேயே சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். ஒருநாள், மீத்தேன் வாயு கூரையை ஒட்டித் தேங்கியிருந்த இடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மார்க் ஆண்டனி ரோம் மக்களை நோக்கிப் பேசும் பகுதியை உரக்கச் சொல்லும்படி பணித்தார். சிறுவன் சொல்லத் தொடங்கினான். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது. கால் மடங்கிக் கீழே விழுந்தான். தரையில் கிடந்தபோது நல்ல காற்று கிடைத்தது; எழுந்துகொண்டான். மீத்தேன் காற்றைவிட இலேசானது, அது மேலே தங்கும், அதைச் சுவாசிப்பவன் உடனே சாவதில்லை என்ற பாடத்தை அம்மகன் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. பிள்ளையைப் பெற்ற நமக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆயினும், தாம் நில்லாத இடத்தில் அவர் மகனை நிறுத்தினாரில்லை.

கார்ன்வால் சுரங்கங்கள்

1902 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் கார்ன்வால் பகுதித் தகரச் சுரங்கங்களில் அவர் ஆய்வு நிகழ்ந்தது. அங்கே மூன்று பகைவரை அவர் கண்டார்.

முதற் பகைவன் புழு. டால்கோத் என்னும் சுரங்கத்தில் தொழிலாளர் இரத்தம் வற்றி வெளுத்து மெலிந்தனர். காற்றுத்தான் கெட்டது என்று பலர் கூறினர். ஹால்டேனும் துணைவரும் ஆராய்ந்தபோது அது கொக்கிப் புழு நோய் எனத் தெரிந்தது. நம் நாட்டுக் கிராமங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வெறுங்காலோடு நடந்த நம் முன்னோரின் இரத்தத்தை உறிஞ்சிய அதே புழுதான். குளிர் நாட்டில் நிலத்தின்மேல் வாழ இயலாத அப்புழு, சுரங்கத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் செழித்தது. சுரங்கத்துக்குள் மலங்கழிக்கத் தகுந்த ஏற்பாடு இல்லாமையே அது பரவக் காரணம். மருந்தோடு கக்கூஸும் வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

இரண்டாம் பகைவன் தூசி. காற்றழுத்தத்தால் இயங்கும் துளை எந்திரம் வந்த பின், பாறையைத் துளைக்கும்போது மாவுபோன்ற நுண்தூசி எழுந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் எந்திரம் பிடித்து நல்ல சம்பளத்தோடு ஊர் திரும்பிய கார்ன்வால் இளைஞர்கள், சில ஆண்டுகளில் இருமி இருமி மடிந்தனர். 1904-ஆம் ஆண்டு அறிக்கையில் ஹால்டேனும் துணைவர்களும் பாறைத் தூசியே குற்றவாளி என்று காட்டி, துளைக்கும் இடத்தில் நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்க வேண்டுமென வற்புறுத்தினர்.

மூன்றாம் பகைவன் வெப்பம். எத்தனை டிகிரி சூட்டில் மனிதன் வேலை செய்யலாம் என்ற கேள்விக்கு, வெறும் வெப்பமானி விடை சொல்லாது என்று அவர் 1905-இல் நிறுவினார். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையே உண்மை அளவு. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. அசையாத காற்றில் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 31 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால், சும்மா இருப்பவனுக்கும் உடற்சூடு ஏறத் தொடங்கும் என்று கண்டார். கோலாரின் அடி ஆழங்களில் பாறையின் சூடு 60 டிகிரியையும் கடந்தது. அங்கே குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தியே வேலை நடத்த வேண்டியிருந்தது. ஆழமான சுரங்கங்களின் காற்றோட்டக் கணக்கில் ஈரக்குமிழ் அளவு இன்றும் முதலிடம் பெறுகிறது.

சுரங்கத்துக்கு அப்பால்

அவர் செய்த ஏனைய அருஞ்செயல்களைச் சுருங்கக் கூறுவோம். மனிதன் மூச்சு விடும் வேகத்தை நிர்ணயிப்பது முக்கியமாக இரத்தத்திலுள்ள கரியமில வாயுவே என்று 1905-இல் பிரீஸ்ட்லியோடு சேர்ந்து காட்டினார். ஆழ்கடலில் மூழ்குவோர் மேலே வரும்போது எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கித் தங்கி வர வேண்டும் என்ற அட்டவணையை ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-இல் வெளியிட்டார். மூழ்குவோரைப் பிடித்த வாதநோயும் மரணமும் அதனால் பெரிதும் குறைந்தன. 1911-இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தின்மேல் தங்கி மலைக்காற்றை ஆராய்ந்தார். 1915 ஏப்ரலில் ஜெர்மானியர் பிரெஞ்சுப் போர்முனையில் விஷப்புகை விட்டபோது, விரைந்து சென்று அது குளோரின் என்று கண்டவர்களில் அவரும் ஒருவர். முகமூடி அமைக்கும் பணியிலும், புகையால் நைந்த நுரையீரலுக்குப் பிராணவாயு தரும் முறையிலும் அவர் உழைப்பு பெரிது. இன்று ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுபவர் முகத்தில் பிராணவாயுக் குழாய் வைக்கப்படுவதைக் காணும்போது, சுரங்கத்தில் தொடங்கிய ஆராய்ச்சி எங்கே வந்து நிற்கிறது என்பது விளங்கும்.

1912-இல் டான்காஸ்டர் நகரில் நிலக்கரிச் சுரங்க ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையை ஏற்றார். 1921-இல் அது பர்மிங்காம் சர்வகலாசாலைக்கு மாறியது. கரி தானே சூடேறித் தீப்பற்றும் கேட்டினை அங்கே விரிவாக ஆராய்ந்தார். சிங்கரேணி, ஜாரியா முதலிய நம் நாட்டுச் சுரங்கங்களுக்கும் இக்கேடு நன்கு தெரிந்ததே. 1928-இல் அரசாங்க விருதும், 1934-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் அவரை அடைந்தன.

பெரியோர் செய்த பிழை

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் நிறையை மட்டும் எழுதிக் குறையை மறைப்பது உண்டு. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. இக்குறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

பாறைத் தூசியைக் குற்றவாளி என்று கண்ட ஹால்டேன், கரித்தூசி நுரையீரலுக்குத் தீங்கற்றது என்று இறுதிவரை நம்பினார். நிலக்கரித் தொழிலாளரிடையே காசநோய்ச் சாவு குறைவு என்ற மரணக் கணக்கே அதற்கு அவர் காட்டிய ஆதாரம். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பினால் அந்நம்பிக்கை நெடுநாள் நிலைத்தது. தெற்கு வேல்ஸ் தொழிலாளரோ தங்கள் மூச்சு அடைபடுவதைச் சொல்லிக்கொண்டே இருந்தனர். அவர் மறைந்த பின், 1937 முதல் டாக்டர்கள் அத்தொழிலாளரின் மார்பை எக்ஸ்-ரே படம் எடுத்து ஆராய்ந்து, கரித்தூசியும் நுரையீரலைக் கெடுக்கும் என்று 1942 முதல் அறிக்கைகள் வெளியிட்டனர். 1943-இல் நிலக்கரித் தொழிலாளரின் தூசி நோய்க்கு நஷ்டஈடு வழங்கும் திட்டம் வந்தது. அதற்கு முன் கேட்பாரின்றி இறந்தவர் எத்தனையோ பேர்.

இத்தகைய பேரறிஞர் எங்ஙனம் பிழைத்தார் என்று நாம் பலநாள் யோசித்தோம். நமக்குத் தோன்றிய விடை இது. விஷ வாயு சில நிமிஷங்களில் வேலை செய்யும். அதைத் தம் உடலிலேயே அவர் சோதிக்க முடிந்தது. வெப்பமும் ஒரு மணி நேரத்தில் தன்னைக் காட்டும். தூசியோ இருபது ஆண்டுகள் கழித்தே தன் கணக்கைத் தீர்க்கும். எத்துணைத் துணிவுடையவரும் இருபது ஆண்டுகள் கரி வெட்டிப் பார்த்துவிட்டு முடிவெழுத இயலாது. தம் உடல் சாட்சி சொன்ன இடங்களில் எல்லாம் அவர் வென்றார். அது சாட்சி சொல்ல இயலாத இடத்தில், பதிவேட்டை நம்பினார். அங்கே கேட்டிருக்க வேண்டிய சாட்சி, இருமிக்கொண்டிருந்த தொழிலாளியே. பதிவேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இப்பாடம் நன்றாக உறைக்கிறது. ஏட்டில் பத்தி இல்லாத துன்பம் உலகில் இல்லாத துன்பம் ஆகிவிடாது.

இறுதி நாட்களும் மகன் கண்ட பாரதமும்

எழுபத்தைந்து வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாரசீகம், ஈராக் நாடுகளில் எண்ணெய்த் தொழிலில் உழைப்போரை வெப்பத் தாக்கு மடிவிப்பதை ஆராய அவ்வளவு தூரம் பிரயாணம் செய்தார். திரும்பி வந்ததும் நிமோனியா கண்டு, 1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். வாழ்நாள் எல்லாம் பிறர் சுவாசத்தைக் காத்தவரை நுரையீரல் நோயே கொண்டு சென்றது.

சுரங்கத்தில் நாடக வசனம் ஒப்பித்த மகன்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் உயிரியல் மேதை. அவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, பாரதக் குடியுரிமையும் பெற்றார். 1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி அவரது உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா வைத்தியக் கல்லூரிக்கு, மாணவர் கற்பதற்காக அளிக்கப்பட்டது. உயிருள்ள உடலைத் தந்தை விஞ்ஞானத்துக்கு ஈந்தார். உயிர் நீங்கிய உடலை மகன் ஈந்தார். அது வந்து சேர்ந்த இடம், அன்று நம் ஆந்திரப் பிரதேசத்து மண்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் சுரங்கப் பாதுகாப்பு இலாகா 1902-இல் கல்கத்தாவில் தோன்றி, 1908-இல் தன்பாத் நகருக்கு மாறியது. 1956-இல் அங்கே சுரங்க ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1955-ஆம் ஆண்டு விதிகளும் தொழிலாளருக்குக் குறித்த காலத்தில் வைத்தியப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும் கட்டாயமாக்கின. பாறைகளின் இயல்பை ஆராயும் தேசிய நிறுவனம் 1988-இல் கோலார் தங்கவயலிலேயே அமைந்தது. அவ்வயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆயினும் நம்மவர் அங்கே கொடுத்த விலை அறிவாக மிஞ்சி நிற்கிறது.

துயரங்களும் நேர்ந்தன. 1965-இல் பீகாரின் டோரிச் சுரங்க வெடிப்பில் 268 பேர் மாண்டனர். 1975-இல் சாஸ்நாலாச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாட்டில், 1989-இல் ராணிகஞ்ச் பகுதியில் நீர் சூழ்ந்த சுரங்கத்திலிருந்து, பூமியைத் துளையிட்டு ஓர் இரும்புக் கூண்டை இறக்கி, 65 பேரை ஒருவர் பின் ஒருவராக உயிரோடு தூக்கினர். கூண்டோடு தாமே கீழே இறங்கிய எஞ்சினியர் ஜஸ்வந்த் சிங் கில், ஹால்டேன் மரபில் வந்தவர் என்று சொன்னால் மிகையாகாது. ரயில்வேயில் ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு விபத்து உண்டென்று மூத்த ஊழியர் சொல்வர். சுரங்கத்திலும் அவ்வாறே. விதியை மீறுபவன் இறந்தவர்களின் சாட்சியத்தையே மீறுகிறான்.

நம் கடமை

நம் காலனியில் சுரங்கம் இல்லை. ஆயினும் பட்டறையும் ஆலையும் சூழ்ந்த ஊர் இது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூட்டத்தில் கை நசுங்கியவரைக் கண்டால் எவரும் இரங்குகிறோம். மெல்ல மெல்ல மூச்சு குறைபவரை எவரும் கவனிப்பதில்லை. நம் வீடுகளிலும் கல் அறுப்போர், உலோகம் தேய்ப்போர், வார்ப்படத்தில் வேலை செய்வோர் உண்டு. அவர்கள் மாலையில் வீடு திரும்பி இருமினால், வீட்டார் அதைப் பனி இருமல் என்று கஷாயத்தோடு விட்டுவிடலாகாது. என்ன வேலை, எவ்வளவு தூசி, எத்தனை ஆண்டு என்று டாக்டரிடம் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். தொழிலைச் சொல்லாத நோயாளிக்கு நோயின் பெயர் கிடைப்பது அரிது. முகத்தில் காப்புத்துணி அணியச் சொன்னால், வெட்கம் பாராமல் அணிய வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள், பெரிய நகரங்களின் கண்ணாடி மாளிகைகளை மட்டும் நாடாமல், இத்தகைய துறைகளிலும் சிலராவது புகவேண்டும் என்பது நமது வேண்டுகோள்.

இன்றிரவும் நிலக்கரி வண்டி நம் வீடுகளைக் கடந்து செல்லும். நாளைக் காலையில் நாமும் வழக்கம்போல் எண்ணையும் எடையையும் எழுதுவோம். அவ்வண்டியின் ஓசை கேட்கும்போது, கீழே இருட்டில் நிற்பவன் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதற்காகக் கெட்ட காற்றைத் தாமே சுவாசித்துப் பார்த்த பெரியவரை நம் குழந்தைகளுக்கு ஒருமுறை சொல்வோமாக. வாழ்க அவர் நாமம்!